வலப்பக்கம் மட்டும் திரும்பும் வண்டி

1936 ஜூலை 9, வியாழன்

காலையிலிருந்து சாரல். வயலுக்குப் போகவில்லை. பதினோரு மணி ரயிலில் பெட்டி வந்து இறங்கியது. தென்காசி ஸ்டேஷன் கட்டின நாள் முதல் இவ்வளவு பெரிய பெட்டி வந்ததே கிடையாது. தூக்குவதற்குப் பத்துப் பேர். ஸ்டேஷன் மாஸ்டர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். குடையை எடுக்கத்தான் எழுந்திருப்பார் என்று என் பெண்டாட்டி முப்பிடாதி சொல்லுதா. அவ வீட்டை விட்டே கிளம்பவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்?

உள்ளே வைக்கோலுக்கு நடுவில் என் மோட்டார் சைக்கிள். கறுப்பு. பெட்ரோல் டாங்கியில் பச்சைக் கோடு. தொட்டால் வாழைத்தண்டு மாதிரி குளிர்ச்சி. தென்காசிக்கு இதுதான் முதல் மோட்டார் சைக்கிள். (குற்றாலத்துக்கு வருகிற எஸ்டேட் துரையின் வண்டியைச் சேர்க்கக் கூடாது. அது வந்துபோகிற வண்டி.) கூடவே ஒரு இங்கிலீஷ் புஸ்தகம், நாற்பது பக்கம். படம் முழுவதும் வாசித்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். உள்ளே நெருப்பு. அதற்கு மேலே பெட்ரோல். பெட்ரோலுக்குப் பக்கத்தில் நான். மூணு பேரும் எப்படி ஒன்று சேராமல் இருக்கிறோம்?

ஜூலை 10

கிளம்பவில்லை.

ஜூலை 11, சனி

உதைத்துக் கிளப்புகிற கம்பி என்னைத் திருப்பி உதைத்தது. முழங்காலுக்குக் கீழே கத்தரிக்காய் மாதிரி வீக்கம். மாடு முட்டியது என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். “எந்த மாடு? நம்ம மாடு ரெண்டும் தொழுவுல அசை போட்டுக்கிட்டுல்லா நிக்கி” என்கிறா முப்பிடாதி.

சாயங்காலம் நாற்பதாவது உதைக்குக் கிளம்பியது! அந்தச் சத்தத்துக்குக் கோபுரத்துக் காக்கை அத்தனையும் செங்கோட்டை வரை பறந்துவிட்டன. இன்னும் திரும்பவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

ஓட்டிவிட்டேன். தெருவுக்குத் தெரு மாட்டுவண்டி நிற்பதால், விசாலமான இடம் என்று பார்த்தால் கோயிலைச் சுற்றியிருக்கிற நாலு ரதவீதிதான். தேர் போகிற வீதியில் நான் போகக் கூடாதா? தேர் மாதிரியே போனேன். முதல் சுற்றில் கொஞ்சம் ஆட்டம். கோபுர வாசலுக்கு நேராக வரும்போது, ஊரெல்லாம் பேர் போன அந்தக் கோபுரக் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது. எல்லாரும் நடந்து அனுபவித்த காற்று. வண்டியில் அனுபவித்தவன் நான் ஒருத்தன்தான்.

எட்டுச் சுற்று. எல்லாம் வலமாகத்தான். சாமியை இடமாகச் சுற்றுகிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை.

ஜூலை 15, புதன்

நாளைக்கு ஆடி பிறக்கிறது என்று, இலத்தூரிலிருந்து என் தங்கச்சி ரெங்கம்மாளும் மாப்பிள்ளை தங்கசாமியும் இன்றைக்கே வந்து கல்யாணத்தைச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் மகள் தங்கத்தாய்க்கு ஆவணியில் கல்யாணம். ஆகஸ்ட் இருபத்தேழு. எங்கள் பக்கத்தில் பெண் தானாக மணையில் வந்து உட்காராது. தாய்மாமன் கையைப் பிடித்து அறையிலிருந்து கூட்டிவந்து உட்கார்த்த வேண்டும். அந்தத் தாய்மாமன் நான். பிறந்தன்றைக்கு அவ நாக்கில் சீனித்தண்ணி தொட்டுச் சேனை வைத்ததும் நான்தான். சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால்தான் பிள்ளை இவ்வளவு கெட்டி.

நான் சும்மா இருந்திருக்கலாம். “முகூர்த்தத்தன்னைக்கு மோட்டார் சைக்கிள்ல வந்து இறங்குவேன். தென்காசியிலருந்து கால் மணி நேரம்” என்றேன்.

தங்கசாமி வெற்றிலையை மடக்கிக்கொண்டே, “மச்சான், தை மாசம் செண்பகாதேவி அருவிக்கு மேல புலிய விரட்டுனேன்னு சொன்னியளே, அத மாதிரியா?” என்றார்.

“புலி வேற, இது வேற.”

“அதத்தான நானும் சொல்லுதேன். முகூர்த்த நேரத்துல ஆளக் காணலைன்னா நான் காத்திட்டு இருக்க மாட்டேன். கடற்கரை இருக்கான். அவன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவான்.”

கடற்கரை எங்கள் பெரியம்மா மகன். அவனும் முறைக்குத் தாய்மாமன்தான். ஆனால் அவன் சேனை வைத்தானா? ஒரு கதை சொல்லியிருக்கிறானா அந்தப் பிள்ளைக்கு?

திரும்பிப் போக மாட்டுவண்டியில் ஏறும்போது, கூட வந்திருந்த தங்கத்தாய் என் துண்டைப் பிடித்து இழுத்து, “நெசமா வந்திருவியளா மாமா?” என்று கேட்டா. புலியைப் பற்றி அவ ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை.

ஜூலை 27, திங்கள்

இதுவரை நூற்றெட்டுச் சுற்று முடித்தேன். அறுபது என்கிறா முப்பிடாதி.

இரண்டாவது கியரும் வந்துவிட்டது. இன்னொரு சந்தேகம்: நிற்கும்போது விழுகிற வண்டி, ஓடும்போது ஏன் விழவில்லை? முப்பிடாதியின் வளையலைக் கழற்றச் சொல்லித் தரையில் உருட்டிப் பார்த்தேன். ஓடுகிற வரைக்கும் நிற்கிறது, நின்றால் விழுகிறது. காரணம் பிடிபடவில்லை. வளையல் நெல்லுக் குதிருக்கு அடியில் போய்விட்டது. அதுவும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 8, சனி

முதல் தடவையாக ஊரை விட்டு வெளியே. குற்றாலம் ரோடு. சாரல் முகத்தில் ஊசி ஊசியாகக் குத்துகிறது. எதிரே மலை முழுக்க மேகம். என்னைப் பார்க்கத்தான் இறங்கி வருகிறதோ என்று இருந்தது.

அருவிக்கு ஒரு மைல் இருக்கும்போது ரோடு இடப்பக்கம் வளைகிறது. அந்த இடத்தில் வயலைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. பார்த்தேன். கழுத்து வரை பார்த்தேன்.

நடவு நட்டுக்கொண்டிருந்த அம்மா இடுப்பில் கைவைத்து நின்று, “நடவுக்கு ஆளு பத்தலன்னு சொன்னது வாஸ்தவந்தான். அதுக்காக இப்படியா வந்து விழுவாக?” என்றாள். நாலு பேர் கயிறு போட்டு வண்டியை வெளியே இழுத்தார்கள்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

மறுபடியும் இடப்பக்கத்து வளைவு. இந்தத் தடவை முள்வேலி. வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு போகிற வண்டிக்கு இடப்பக்கம் என்றால் என்ன பகை? நெசமாகவே யோசிக்கிறேன். கடல் தாண்டி வந்த வண்டி, கப்பலில் ஒருசாய்வாக வைத்து அனுப்பிவிட்டார்களோ? பெட்ரோல் ஒரு பக்கமாகத் தேங்குகிறதோ? டாங்கியைத் தட்டிப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

குட்டு உடைந்தது.

குற்றாலம் பஸ் ஓட்டுகிற சுடலையாண்டியைப் பிடித்து வண்டியைக் காட்டினேன். ஏறிப் போய் ரெண்டு பக்கமும் ஒடித்துத் திருப்பி, சிரித்துக்கொண்டே வந்து இறங்கினான்.

“வண்டியில ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி. எங்கன ஓட்டிப் பழகுனிய?”

“ரதவீதியில. கோயிலச் சுத்தி.”

“எப்படிச் சுத்துனிய?”

“வலமாத்தான். நூத்தி எட்டுச் சுத்து. பின்ன எடமாவா சுத்துவாக?”

அவன் பஸ் படியில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. “அண்ணாச்சி, நூத்தி எட்டுச் சுத்தும் வலப்பக்கமே திருப்பியிருக்கிய. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்குன்னு உங்க கைக்கு யாரு சொன்னா?”

யாருமே சொல்லலையே! வீட்டுக்கு வந்து வாசலில் பார்த்தேன். வாய் இடது என்கிறது, கை வலது போகிறது. பழக ஒரு இடமும் இல்லை. ரதவீதியில் இடமாகச் சுற்றினால் சாமிக் குத்தம். களம் சேறாகக் கிடக்கு. குளம் நிறைஞ்சு கிடக்கு. வயல் எல்லாம் நடவு. நாளை மறுநாள் கல்யாணம். மதுரை ரோட்டில் போனால் இலத்தூர் விலக்கு எந்தப் பக்கம் திரும்புது? இடப்பக்கம்! ஏ தாயே, நான் என்ன செய்ய? வில்லுவண்டியில் போய் இறங்கினால் தங்கசாமி ஒரு வார்த்தை பேச வேண்டாம், பார்த்தாலே போதும். சாயங்காலம் சோறு இறங்கவில்லை.

முப்பிடாதி இலையை எடுத்துக்கொண்டே சொன்னா, “விலக்கத் தாண்டிப் போயி, விசாலமான எடத்துல வலமாவே சுத்தித் திரும்பி வந்தா, இலத்தூரு உங்களுக்கு வலப்பக்கந்தான?”

நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவ முந்திக்கொண்டா.

ஆகஸ்ட் 26

அவ சீர்த்தட்டுகளோடு வில்லுவண்டியில் போய்விட்டா. பூமாலையை நான் கொண்டு வர வேண்டும். வாசல் தாண்டும்போது, “பயமா இருந்தா இப்பவே ஏறிருங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக” என்றா. ஏறவில்லை. ஏன் ஏறவில்லை?

ஆகஸ்ட் 27, வியாழன்

இலத்தூரில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. ஏழு மணிக்குக் கிளம்பினேன். மாலையை வாழையிலையில் பொதிந்து முதுகில் கட்டிக்கொண்டேன். நேராகப் போவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. விலக்கு வந்தது. இடப்பக்கம் வாழைமரம் கட்டியிருந்தது. அங்கே நின்ற தங்கசாமி வீட்டு ஆள் ஒருத்தன் கையை ஆட்டினான். நானும் ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனேன்.

அரை மைலில் ஒரு புளியந்தோப்பு. அதில் சுற்றித் திரும்புவதாகத் திட்டம். தோப்புக்குள் நாற்பது வண்டி! புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழ மூடை ஏற்றி வந்தவர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டுச் சோறு பொங்குகிறார்கள். நாற்பது இல்லை. எட்டு வண்டி. ஆனால் நுழைய இடமில்லை. அதற்கு மேல் ரோடு ஒடுக்கம், ரெண்டு பக்கமும் வாய்க்கால். நிறுத்தி, இறங்கி, தள்ளித் திருப்பியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. நிறுத்தினால் திரும்பக் கிளம்புமா? ஜூலை பத்தாம் தேதி என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முன்னே மாட்டுவண்டி வரிசை. ஊர்ந்து ஊர்ந்து மைல் மைலாகப் போகிறது. முதுகில் மாலை கனக்கிறது. வாயில் புலிக்கதையும் இல்லை, ஒன்றும் இல்லை. வந்திருவியளா மாமா, வந்திருவியளா மாமா என்று எஞ்சின் அதையே சொல்லிக்கொண்டு வந்தது.

கடையநல்லூரில் ஒரு கோயில் கண்ணில் பட்டது. கண்டதும் கை தானாக வலப்பக்கம் திரும்பியது. ஒரு சுற்று. என்ன சாமி என்றுகூடத் தெரியாது. திரும்பிவிட்டேன்.

விலக்கில் வலப்பக்கம் திரும்பினது வெண்ணெய் மாதிரி. பந்தலில் மேளம் நின்றுபோய்க் கிடந்தது. வண்டியை நிறுத்துவதற்குள் வாசல் வாழைமரம் ஒன்று சாய்ந்தது. தங்கசாமி கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒன்பதுக்குப் பத்து நிமிஷம்.

உள்ளே ஓடினேன். அறை வாசலில் புது வேட்டியோடு கடற்கரை, வேர்த்து வழிந்து நிற்கிறான். உள்ளே பாயில் தங்கத்தாய், இடது காலைப் பிடித்துக்கொண்டு. சுற்றிலும் பொம்பளைகள், ஒருத்தி எண்ணெய் தேய்க்கிறா, ஒருத்தி விரலைச் சொடக்கு எடுக்கிறா. “அரை மணி நேரமா காலு மரத்துப்போச்சுன்னு எந்திரிக்கவே மாட்டேங்கா” என்று அழாத குறையாகச் சொன்னா ரெங்கம்மாள்.

என்னைப் பார்த்ததும் கையை நீட்டினா. பிடித்தேன். விருட்டென்று எழுந்து நடந்தா. கால் ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை.

“வழியில புலியா மாமா?” என்று மெதுவாகக் கேட்டா.

“இல்ல தாயி. எனக்கு இடப்பக்கம் திருப்பத் தெரியாது.”

அவ சிரிக்கவில்லை. கையை இறுக்கிக்கொண்டா.

பந்திக்கு அப்புறம் முப்பிடாதி தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னா. ஏழேகாலுக்கு என் வண்டிச் சத்தம் விலக்குப் பக்கம் வந்து, நிற்காமல் வடக்கே போய்த் தேய்ந்தது எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. “போயிட்டாருய்யா, அடுத்த கதைக்கு!” என்று தங்கசாமி சொல்ல, பந்தலே சிரித்திருக்கிறது. எட்டேகாலுக்குக் கடற்கரையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த நிமிஷம்தான் தங்கத்தாய்க்குக் கால் மரத்துப்போனது.

“சேனை வச்சது யாரு?” என்றா முப்பிடாதி.

ஆகஸ்ட் 29, சனி

நடந்ததை நடந்தபடியே தங்கசாமியிடமும் பந்தலில் இருந்தவர்களிடமும் சொன்னேன். கோயிலைச் சுற்றிப் பழகினது, கை திரும்பாதது, எலுமிச்சம்பழ வண்டி, எல்லாம். ஒருத்தரும் நம்பவில்லை. தங்கசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “புலிக்கதைய விட இது நல்லாருக்கு மச்சான்! இடப்பக்கம் திரும்பத் தெரியாமக் கடையநல்லூரு வரைக்கும் போனாராம்!” என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. கூட்டாமல் சொல்வது எவ்வளவு கஷ்டமாக இருக்கு!

செப்டம்பர் 13, ஞாயிறு

சாரல் நின்று பத்து நாள். களம் காய்ந்துவிட்டது. நெல்லைச் சூடடிக்கும்போது எங்கள் மாடுகள் இடப்பக்கமாகத்தான் சுற்றும். அந்தத் தடத்திலேயே வண்டியை விட்டேன், எட்டு நாள். முப்பிடாதி நடுவில் நின்று, “எடது, எடது” என்று சொல்லிக்கொண்டே இருந்தா. முதல் மூணு நாள் விழுந்தேன்.

இன்றைக்குக் குற்றாலம். அவ பின்னால் உட்கார்ந்து வந்தா. பன்னிரண்டு மைல். இல்லை, மூணு மைல். அந்த வயல் வளைவில் பயிர் இடுப்பளவு நிற்கிறது. அன்றைக்குப் பேசின அம்மா வரப்பில் நின்று, எங்களைக் கண்டதும் நாலடி பின்னால் நகர்ந்தாள். இடப்பக்கம் திரும்பினோம்.

அருவியில் குளித்து, ஈரத்தலையோடு வரும்போது, “இத இலத்தூர்ல போயி எப்படிச் சொல்லப் போறிய?” என்று காதுக்குப் பக்கத்தில் கத்தினா.

“திரும்புனோம்னு சொல்லுவேன்.”

“அம்புட்டுத்தானா?”

அம்புட்டுத்தான்.