முதல் விறகு

அன்பு மகள் எல்ஸ்பெத்துக்கு,

அன்டிகோனிஷிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடல்நலத்தில் குறையின்றி இருக்கிறோம்; கதகதப்பாக இருக்கிறோம் என்று மட்டும் எழுத இயலாது, காரணம் கீழே வரும். நீயும் மாப்பிள்ளை ட்ரெவரும் கால்கரியில் நலம் என்பதற்கு நீ அனுப்பிய புகைப்படமே சான்று.

அந்தப் புகைப்படத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நன்றித் திருநாளன்று சம்பந்தியம்மாள் லொரெய்ன் வீட்டில், நெருப்பின் முன் கால் நீட்டி, அவர் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாய். நீ அணிந்திருந்த கம்பளிக் காலுறைகள் உன் அம்மா பின்னியவை அல்ல என்பதைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அது எரிவாயு நெருப்பு, ரிமோட்டை அழுத்தினால் எரிவது. அதை நெருப்பு என்று அழைப்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. தொலைபேசியில் நீ, "அப்பா, இங்க சாம்பல் அள்ளுற வேலையே இல்ல, அவ்ளோ சுகமா இருக்கு" என்றாய். சிறுமியாய் இருந்தபோது அந்தச் சாம்பல் வாளியை நான்தான் தூக்குவேன் என்று என்னோடு சண்டை போட்டவள் நீ. அந்த அம்மாள் நல்லவர், உன்னை அன்பாக நடத்துகிறார், இவற்றை நான் மறுக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாகவும் இருக்கிறது.

இலையுதிர் காலத்தின் முதல் விறகை வீட்டில் இளையவர்தான் குளிர்காயும் கூடத்து அடுப்பில் வைக்க வேண்டும் என்பது என் தாத்தா காலத்து வழக்கம். திருமணமான பின்பும் ஆண்டுதோறும் திருநாளுக்கு வந்து நீதான் வைத்தாய். இவ்வாண்டு நீ வரவில்லை, ஆகவே அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை. காலையில் புல்லெல்லாம் உறைபனி. நாங்கள் இருவரும் கோட்டு அணிந்துதான் சூப் குடிக்கிறோம். உன் அம்மா, "வக்கீலா கோர்ட்லதான் வாய்தா வாங்கியே வயசாச்சு, இப்ப அடுப்புக்குமா வாய்தா? அவ அங்க குளிர் காயுறா, நீ இங்க பொறாமையில காயுற, நடுவுல என் முழங்கால் என்ன பாவம் பண்ணுச்சு?" என்கிறாள். பொறாமை என்ற சொல்லுக்கு நான் ஆட்சேபம் தெரிவித்தேன். யோசித்துப் பார்த்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

நாம் மூவரும் அந்த அடுப்பைச் சுற்றி, ஈரக் கையுறைகள் காயும் மணத்தோடு, மழை ஜன்னலில் அடிப்பதைக் கேட்டபடி பேசாமல் உட்கார்ந்திருப்போமே, அந்தச் சுகத்தை வேறொருவர் வீட்டிலும் நீ அடைந்துவிடுவாய் என்று நான் எண்ணியதில்லை.

கடவுள் உங்கள் இருவரையும் நோய்நொடியின்றி வைத்திருக்கட்டும். பனி விழுவதற்குள் காருக்குப் பனிக்கால டயர்களை மாட்டிவிடச் சொல், ட்ரெவர் தள்ளிப்போடுகிறவன். இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை அம்மா உன்னை அழைத்து, உன் சார்பில் தானே முதல் விறகை வைக்க அனுமதி கேட்பாள். கொடுத்துவிடு, அவளுக்குக் குளிர் ஆகாது. நானும் பக்கத்தில் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். கொடுப்பதற்கு முன் சற்றே தயங்கு.

அன்புடன்,
அப்பா
கொலின் மக்கின்னன்