படிவத்தில் ஒரு காலிக் கட்டம்

அன்புள்ள மகனுக்கு,

உன் மனைவியும் பிள்ளைகளும் நலமா? என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக உன் சித்தி சொல்லி வருகிறாளாம். அது பொய். இந்தக் கப்பல் நிறுவனத்தின் கடிதக் கோப்புகள் இன்றும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன.

நடந்தது இதுதான். ஊரெங்கும் தொற்றுக் காய்ச்சல் பரவினால் அலுவலகம் எப்படி இயங்கவேண்டும் என்று ஒரு கையேட்டைக் கொடுத்து, என் வேலையை இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார் மேலாளர். கிழவியைக் கழற்றிவிட இது நாசூக்கான வழி என்றே நினைத்தேன்.

"என் வேலைக்கும் ரெண்டு பேர் போட்டிருக்கும்மா, பாருங்க" என்றார்.

"பார்க்காம விடுவேனா?" என்றேன். நாற்பது பக்கத்தையும் படித்தேன். அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் அலமாரிச் சாவியை இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை.

கையேட்டின் கடைசியில் ஒரு படிவம் இருக்கிறது. காய்ச்சலில் விழுந்தால் யார் வந்து பார்த்துக்கொள்வார் என்ற கட்டத்தை எல்லோரும் நிரப்பிவிட்டார்கள். "உங்களோடது மட்டும்தான் பாக்கி" என்று மேலாளர் இருமுறை சொல்லிவிட்டார். உன்னைக் கேட்காமல் உன் பெயரை எழுத எனக்கு மனமில்லை.

தொலைபேசியில் எதைக் கேட்டாலும் "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். பாதி உன் காதில் விழுவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே, எழுதலாமா கூடாதா என்பதை மாதக் கடைசிக்குள் உன் கைப்பட எழுதி அனுப்பு.

அம்மா