போத்தலை மாற்றியவன் நான் அல்ல

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

'அன்புள்ள' என்று போடாமல் தொடங்கக் கூடாதாம். நான் சொல்லச் சொல்ல எழுதுகிற என் மகள் செல்வி சொன்னாள், போட்டுவிட்டோம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது மற்ற எவரையும்விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதை வைத்துத்தானே என் கதையை முடித்தீர்கள்.

போன வாரம் உங்கள் மனைவி கெலுகோரில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். "அண்ணே, முப்பத்தொண்டாம் நாளுக்கு அவரின்ர நினைவுப் புத்தகம் அடிக்கிறம். லேப்பில கூட வேலை செய்த நீங்களும் நாலு வசனம் சொல்லவேணும். அவருக்கு உங்களில நல்ல விருப்பம்" என்றார்கள். விருப்பமா? உயிரோடு இருந்தபோது ஒரு நாளாவது அதை என்னிடம் சொன்னீர்களா? அந்த அம்மா நின்ற கோலத்தைப் பார்த்துச் சரி என்றுவிட்டேன். நாலு வசனத்தில் இது அடங்காது.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் என் வேலை குடுவை கழுவுவது. நேரம் பார்க்கும் வேலையை நீங்கள்தான் கொடுத்தீர்கள். இரண்டு குடுவை. இரண்டிலும் ஒரே சரக்கு; ஆனால் ஒன்றில் மட்டும் ஓரிடத்தில் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அதைப் போல இரண்டு மடங்கு எடையுள்ள டியூட்டீரியத்தை வைத்திருப்பீர்கள். ஊதா நிறப் பெர்மாங்கனேட்டை இரண்டிலும் ஊற்ற வேண்டும். ஊதா போகும்வரை கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, மணி பார்க்கத் தெரியும். நீங்கள் வகுப்பு முடித்து வந்ததும் நான் ஒப்பிப்பேன், நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். லேசானது எட்டு நிமிடம், கனமானது ஐம்பத்திரண்டு நிமிடம். இன்றும் சொல்வேன்.

ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டேன். "மருந்து அந்த இணைப்பை உடைக்கவேணும் அண்ணே. கனமானது லேசில விட்டுக் குடுக்காது" என்றீர்கள். அன்றைக்கு நீங்கள் நல்ல மனிதர். அதையும் எழுதம்மா என்று செல்வியிடம் சொன்னேன். பொய் சொல்ல எனக்கு என்ன அவசியம்?

பிறகு நீங்களே சமைத்த அந்தப் புதுச் சரக்கு வந்தது. இதிலும் கனமானது பின்தங்கும், பாருங்கள் என்று கூட வேலை செய்தவர்களிடமெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தீர்கள். நான் நேரம் பார்த்தேன். லேசானதும் பதினொரு நிமிடம், கனமானதும் பதினொரு நிமிடம். மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படியே.

"எந்தப் போத்தலிலயிருந்து ஊத்தினனீங்கள்?" என்றீர்கள்.

"செவப்பு ரப்பர் பேண்ட் போட்டது கனம், போடாதது லேசு. நீங்கதானே மாட்டி வச்சீங்க டாக்டர்."

"பிறகு எப்பிடி ரெண்டும் ஒரே நேரம் வரும்? ரெண்டு குடுவைக்கும் ஒரே போத்தலையே மாறி ஊத்திப்போட்டியள்."

"மூணு தடவையுமா மாறி ஊத்துவேன்? பட்டர்வொர்த்துக்குக் கடல் தாண்டுற ஃபெர்ரிய பாருங்க. கியூவுல லோரியும் நிக்குது, மோட்டார் சைக்கிளும் நிக்குது. ஃபெர்ரி வர்ற வரைக்கும் வேகமாவது ஒண்ணாவது! ரெண்டும் ஒண்ணாத்தான் அக்கர போகும் லா. அந்த மாரி, இதுல லேட்டாவுற எடம் வேற எங்கயாச்சும் இருக்குமோ என்னமோ."

"கெமிஸ்ட்ரி படிப்பிக்க வந்திட்டியளோ?" என்று சிரித்தீர்கள். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அந்த வாரமே மேலிடத்துக்குக் கடிதம் போனது. லேபல் வாசிக்கத் தெரியாதவர், போத்தலை மாற்றிவிட்டார், கவனக்குறைவு. அதை என்னிடம் படித்துக் காட்டி, கீழே கைநாட்டும் வாங்கினார்கள். அந்த வருஷம் அதே கடலில் பாலத்துக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை மண்டபத்தில் நாற்காலி அடுக்க அனுப்பினார்கள்.

அந்த மண்டபத்தில்தானே நீங்கள் வந்து பேசினீர்கள்? இரண்டு வருஷம் கழித்து, மாலையெல்லாம் போட்டுக்கொண்டு. நாற்காலி அடுக்கியவன் வெளியே போய்விட்டான் என்று நினைத்தீர்களா? பின்வரிசைத் தூணோரம் நின்றேன். மலாயில் பேசினீர்கள், எனக்கு மலாய் நன்றாகப் புரியும். "டுவா-டுவா சாமா" என்றீர்கள், இரண்டும் சமம். பதினொரு நிமிடம் என்றீர்கள். நேரம் சமமாக வந்ததுதான் கண்டுபிடிப்பாம். தாமதமாகும் கட்டத்தில் அந்த இணைப்பு உடைவதே இல்லையாம், அது வேறு கட்டத்தில் உடைகிறதாம். விளக்குவதற்கு ஃபெர்ரியைச் சொன்னீர்கள். லோரியும் மோட்டாரும் ஒன்றாக அக்கரை சேர்வதைச் சொன்னீர்கள். கூட்டம் கை தட்டியது.

வாசலில் மறித்துக் கேட்டேன். "டாக்டர், அது அன்னிக்கி நான் பார்த்துச் சொன்ன நேரம்தானே? அப்ப நான் போத்தல மாத்தல தானே?"

"பழைய கதை, விடுங்கோ அண்ணே. ஃபைலில எழுதினதை இனி அழிக்க ஏலாது."

ஏலாதா? எழுதிய கை உங்கள் கை. 'அவர் மாற்றவில்லை' என்று இன்னொரு வரி எழுத எத்தனை நிமிடம் ஆகும்? பதினொரு நிமிடம்கூட ஆகாதே. சரக்கைத் திரும்பச் செய்து பார்த்து, அதே நேரம் வந்ததைக் கண்டபோதாவது என் ஞாபகம் வந்ததா? நான் ஓய்வு பெறும் நாளில் ஆபீஸில் அந்தக் கோப்பைப் புரட்டிவிட்டு, "பாக்சிக், ஒருதடவை போத்தல மாத்திட்டீங்களாமே" என்று மலாயில் மாமா முறை சொல்லி ஒரு பெண் சிரித்தாள். என் மகளும் கூட நின்றாள்.

இப்போது அந்தக் கூடத்தில் நேரம் பார்க்க ஆளே வேண்டாமாம். இயந்திரமே பார்த்துக் காகிதத்தில் கோடு போட்டுவிடுகிறதாம். நல்லது. இயந்திரத்தின் மேல் யாரும் பழி போட முடியாது.

"அப்பா, செத்தவங்களப் போயி இப்படியா எழுதறது?" என்கிறாள் செல்வி. உயிரோடு இருந்தவரிடம் நேரில் கேட்டேனே, பதில் வந்ததா? நீங்கள் போன செய்தி வந்தபோது நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. இனி அந்த வரியை யார் எழுதுவார்கள்?

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன் டாக்டர். முப்பத்தோராம் நாளுக்குக் கட்டாயம் வருவேன். இந்தக் கடிதம் வரி குறையாமல் புத்தகத்தில் இருந்தால், உங்கள் படத்துக்குப் பூப்போட்டுவிட்டு, உங்கள் மனைவி பரிமாறும் சோற்றைச் சாப்பிட்டு, பேசாமல் திரும்புவேன். இல்லாவிட்டால், வந்திருப்பவர்கள் நடுவில் எழுந்து நின்று முதல் நாளிலிருந்து ஒவ்வொரு குடுவைக்கும் எத்தனை நிமிடம் என்று ஒப்பிப்பேன். எழுதிக்கொள்ள யாராவது இருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு எந்த உறவும் இல்லாத,
செல்வியின் தகப்பன்
மருதமுத்து