உவர்க்கொம்பன் நெல்லும் உடைந்த முத்திரையும்

வானம் முறை தவறாதிருக்க, வரப்புகள் நீர் தாங்கி நிற்க, உழுதவன் வீட்டில் உலை கொதிக்க! மருதவளை நாட்டுக்கும் அதன் ஏழு வாய்க்கால்களுக்கும் உரிய கோமான், கடலஞ்சாப் பெருமான் நெடுங்கதிர் வேள் திருவுள்ளப்படி, கொன்றையூர் அரண்மனையிலிருந்து முதலமைச்சன் மாதேவன் கூத்தன், உப்பங்கரைக் கூற்றத்தை ஆளும் எழினி மழவராயருக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையும் கொடியும் குடிகளும் நலம் பெறுக. கடல் உட்புகுந்து உம் பன்னிரண்டு ஊர் வயல்களில் உப்பைப் படியவிட்டுப் போன துயரில் அரசரும் பங்குகொள்கிறார்.

நீர் விடுத்த குற்ற ஓலையும், சான்றாக அனுப்பிய இரண்டு மண்தாழிகளும் வந்து சேர்ந்தன. உம் கூற்றத்துக் குன்றிலுள்ள வித்துக்கோட்டத்தின் காவலாள் கொற்றி என்பவள் அரச முத்திரைகளை உடைத்தாள் என்றும், உள்ளிருந்த பழைய வித்தை எடுத்துவிட்டுப் புதுநெல்லை நிரப்பினாள் என்றும், வேலியே பயிரை மேய்ந்த கதை இது என்றும் எழுதியிருந்தீர். சட்டப்படி அவள் வலக்கையை வரும் அமாவாசையன்று வெட்டத் தீர்த்திருப்பதாகவும் அதற்கு அரசர் ஒப்புதல் வேண்டுவதாகவும் முடித்திருந்தீர். எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழை வேறிடத்தில் இருந்தது.

அந்தச் சட்டத்தை எழுதியவன் இதே கூத்தன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், பஞ்சத்தில் குடிகள் விதைநெல்லையும் குத்தித் தின்றபின், நாட்டில் எஞ்சியிருந்த நாற்பத்தொரு நெல்வகைகளிலும் ஒவ்வொரு தாழி திரட்டி, குன்றின்மேல் கற்கோட்டம் எடுத்து, தாழிவாய்க்கு அரக்கு வைத்து முத்திரையிட்டு, உடைப்பவர் கை வெட்டப்படும் என்று ஆணை பிறப்பித்தான். பொன்னைப் பூட்டிப் பழகிய கை, நெல்லையும் அப்படியே பூட்டியது. போதாததற்கு நாள்தோறும் இருவேளை சாம்பிராணிப் புகை காட்டவும் ஆள் வைத்தான். அவையோர் கைகூப்பிப் பாராட்டினர். உள்ளே இருப்பது உயிர் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொற்றிக்குத் தோன்றியது. உழவர் குடியில் பிறந்த அவளுக்கு, மண்ணைக் காணாத நெல்லின் ஆயுள் எவ்வளவு என்பது தெரியும். இரண்டாம் ஆண்டிலேயே ஊர்க் கணக்கரைக் கொண்டு எழுதுவித்து, தாழிகளைத் திறக்க இசைவு வேண்டி இவ்வமைச்சனுக்கு மூன்று ஓலைகள் விடுத்தாள். மூன்றும் வந்தன. மூன்றையும் முந்தாநாள்தான் தேடி எடுத்தோம். கட்டிய கயிறு அவிழாமலே கிடந்தன. இதைச் சொல்ல அமைச்சனுக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விடுவது அதைவிட வெட்கம்.

மறுமொழி வாராத நிலையில் அவள் தன் கையை நம்பினாள். ஆண்டுதோறும் சில தாழிகளைத் திறந்து, கோட்டத்தின் பின்சரிவில் பாத்தி கட்டி விதைத்தாள். ஒருவகையின் பூந்தூள் மற்றொன்றில் கலவாதபடி, விதைக்கும் நாளைத் தள்ளித் தள்ளி வைத்தாள். கதிரில் ஒன்று நிறம் மாறி நின்றாலும் வேரோடு பிடுங்கி எறிந்தாள். அறுத்து உலர்த்தி அந்தந்தத் தாழியிலேயே நிரப்பி அரக்கு வைத்தாள். முத்திரையைப் போலியாகச் செய்ய அவளால் முடிந்திருக்கும், செய்யவில்லை. அரக்கின்மேல் தன் பெருவிரலையே பதித்தாள். மழவராயரே, திருடும் எவரும் தன் கைரேகையை வைத்துவிட்டுப் போவதுண்டோ?

உம் எழுத்தர் அவள் வாய்மொழியை, துடுக்குக்குச் சான்றென்று கருதி, அவள் சொன்னபடியே பொறித்திருந்தார். அரசர் அதை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்: “பொன்னப் பூட்டி வெச்சா பொன்னாவே கெடக்கும் சாமி. நெல்லு அப்படியா? மூணு வருசம் மண்ணக் காணலேன்னா செத்துப்போகும். செத்ததுக்கா என்னக் காவல் இருக்கச் சொல்றீங்க?”

புதுநெல் கலந்தாள் என்ற உம் குற்றச்சாட்டை மெய்ப்பிக்கவே அமைச்சன் அவ்விரு தாழிகளையும் அவையில் திறந்தான். ஒன்று அவள் விரல் பதிந்தது: உப்பு நீரிலும் வளரும் உவர்க்கொம்பன் நெல். மற்றது, ஒப்பிட்டுக் காண நீர் அனுப்பிய முத்திரை குலையாதது: அரசரின் தந்தையார் விரும்பி உண்ட மல்லிகைச் சிறுமணி. ஒவ்வொன்றிலும் நூறு மணி எண்ணி, ஈரச்சாக்கில் முடிந்து, வைக்கோலுக்குள் வைத்து, நான்காம் நாள் அரசர் முன்னிலையில் அவிழ்த்தோம். கொற்றியின் நெல்லில் தொண்ணூற்று நான்கு முளைத்திருந்தன. உப்பு நீர் தெளித்தும் முளைகள் தலைசாயவில்லை. கடற்கரை உழவர் இருவரை அழைத்துக் காட்டினோம். கறுத்த உமியையும் மணிநுனியின் நீண்ட மீசையையும் கண்டதுமே இது தம் முன்னோர் விதைத்த உவர்க்கொம்பனே என்றனர்.

முத்திரை குலையாத தாழியில் ஒன்றுகூட முளைக்கவில்லை. தந்தையின் நினைவாகக் கோமான் தம் கணையாழியைத் தாமே அழுத்திய தாழி அது ஒன்றே என்பதால், அதைத் தொட மட்டும் கொற்றி அஞ்சினாளாம். அந்த அச்சத்தை நினைத்து அவள் உம் மன்றில் அழுததையும் எழுத்தர் எழுதியிருக்கிறார். கோமான் ஒரு மணியை விரலால் நசுக்கினார், மாவாகிப் போயிற்று. தந்தையின் நெல்லை மைந்தனின் ஆணையே கொன்றது என்று கூறிவிட்டு, அன்று அவர் உணவு கொள்ளவில்லை. எங்கேனும் ஒரு பிடி கிடைக்குமா என்று ஆள் விட்டிருக்கிறோம். கிடைக்கும் என்ற நம்பிக்கை அமைச்சனுக்கு இல்லை.

ஆதலின் ஆணை இது. முத்திரைச் சட்டம் இன்றோடு ஒழிந்தது. இவ்வோலை கண்ட கணமே கொற்றியை விடுவித்து, கோட்டத்தின் திறவுகோலை உம் கையாலேயே அவளிடம் தருக. ஒவ்வொரு தாழி நெல்லும் மூன்றாண்டுக்குள் மண்ணைக் காண வேண்டும். ஒரு தாழியில் பாதியே விதைக்கப்படும், பாதி கோட்டத்தில் நிற்கும். எல்லா வகையிலும் ஒரு பங்கு கொன்றையூருக்கும் வந்து சேர வேண்டும்; கடல் மறுபடியும் வராது என்று எவர் சொல்ல முடியும்? இவ்வோலையோடு திரும்பி வரும் உவர்க்கொம்பன் ஒரு தாழியே; அது பன்னிரண்டு ஊருக்குப் போதாது. இந்த ஆடியில் ஓரூரில் பெருக்கி, அடுத்த ஆடியில் பன்னிரண்டுக்கும் பகிர்க. அதுவரை உம் குடிகளின் உணவு அரண்மனைக் களஞ்சியத்தின் பொறுப்பு. எந்த ஊர், எந்த வயல் என்பதைக் கொற்றி சொல்வாள், நீர் கேட்பீர். பசித்து வந்து கோமானே கையேந்தினாலும் விதைநெல்லில் ஒரு மணியும் உலைக்குப் போகலாகாது.

அமாவாசைக்கு ஐந்து நாள் உள்ளது. வழி நான்கு நாள். ஆறு பெருகியிருப்பதாகக் கேள்வி. ஓலை பிந்தி, நீரும் ஒப்புதலுக்குக் காத்திராமல் தீர்ப்பை நிறைவேற்றியிருந்தால், அதை மறைக்காது எழுதும். முத்திரையை உடைத்த கைக்கு இட்ட தண்டனை, உயிரைப் பூட்டிய கைக்கும் உரியது என்று அமைச்சன் அவையில் உரைத்தான். கோமானும் அதற்குத் தலையசைத்தார். அப்படியொரு மறுமொழி வந்தால், அன்றே அமைச்சன் தன் கையைக் கொடுக்க உப்பங்கரைக்குப் புறப்படுவான்.

நிலம் பொய்யாதிருக்க, நீதி பிந்தாதிருக்க. கோமான் திருவாணையால் முத்திரை இடப்பட்டது.

இவை மாதேவன் கூத்தன் வலக்கை எழுத்து.