கட்டில் ஓரத்துக் கறுப்பு உருவம்

சிக்னெட், டாஸ்மேனியா
ஜூன் 14

அன்பு மகள் பிரயனிக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீ அங்கே நாட்டின் மறுகோடியில், பிரூமில் நலமாக இருப்பது உன் கையெழுத்திலேயே தெரிந்தது. எழுத்து சாயவில்லை, வரி கீழே இறங்கவில்லை. மீன் கடை வேலை பிடித்திருக்கிறது, டாக்டர் தூக்க மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் அடுப்படியில் நின்றுகொண்டே திரும்பத் திரும்பப் படித்தேன்.

இங்கே குளிர் கடுமை. ஆப்பிள் அறுவடை முடிந்து தோட்டமெல்லாம் மொட்டையாக நிற்கிறது. வாலபிக் கங்காருகள் வேலிக்கு அடியில் புகுந்து என் கீரைப் பாத்தியை வழித்துத் தின்றுவிட்டன. லொரெய்ன் இன்னும் வியாழக்கிழமைதோறும் நம் அச்சுக் கொட்டகைக்கு வந்து, அவளுடைய பறவைப் படங்களை அச்சடித்துக்கொண்டு போகிறாள். வாடகைக்குப் பதிலாக ஜாமும், வாய் நிறைய ஊர் வம்பும் கொண்டுவருகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாம் இருவரும் சேர்ந்து செய்த படப் புத்தகத்தின் கடைசிப் பிரதியும் விற்று இரண்டு வருஷமாகிறது. “அந்த அச்சுத் தகடுகள இன்னும் வச்சிக்கிட்டு என்னப்பா பண்றீங்க? கோடு போட்டு முடிச்சிடுங்க” என்று கேட்டிருந்தாய். நியாயம்தான். சொன்ன எண்ணிக்கை அச்சடித்து முடிந்ததும் தகட்டின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு கிழிக்க வேண்டும். இனி இதில் நல்ல படம் எடுக்க முடியாது என்பதற்குச் சாட்சியாக, அந்தக் கோட்டோடு ஒரு தாளும் எடுத்து வைக்க வேண்டும். அதுதான் தொழில் தர்மம். உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். சொன்ன நானே இத்தனை நாள் தட்டிக் கழித்தேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகம் செய்த வருஷங்கள் உனக்குக் கெட்ட வருஷங்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அவை நல்ல வருஷங்களாகவும் இருந்தன. படிப்பை விட்டுவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாய். “பேச வரலன்னா வரையட்டுமே” என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் கொட்டகைக்கு வர ஆரம்பித்தாய். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் நீ ஊசியால் கீறுவாய். நான் அதை அமிலத்தில் போட்டெடுத்து, மை தடவி, துணியால் துடைத்து, தாளை வைத்து அச்சு இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றுவேன். ஈரத் தாளை உரிக்கும்போது நம் இருவர் தலையும் ஒன்றாகக் குனியும். உன் தலைமுடியில் மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும்.

வாயால் சொல்ல வராத உன் மனசு கட்டம் கட்டமாக என் கைக்கு வந்தது. புத்தகம் முழுக்க ஒரு வார்த்தை கிடையாது. ஒரு கட்டில், அதில் ஒரு பெண், கட்டில் ஓரத்தில் ஒரு கறுப்பு உருவம். கட்டத்துக்குக் கட்டம் அறை சுருங்கும், கூரை இறங்கும், உருவம் மட்டும் நகராது. எல்லாத் தாளையும் ஒட்டி விசிறி போல மடித்தோம். விரித்தால் கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை வந்தது. உன் அம்மா போன பிறகு நான் வேலை செய்துகொண்டே பாட்டுப் பாடியது அந்த நாட்களில்தான்.

அந்தக் கறுப்பு உருவத்தை உன் நோய் என்றே எடுத்துக்கொண்டேன். அதன் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். “இந்தச் சனியனுக்கு இன்னும் கொஞ்சம் மை பூசுவோம், மூஞ்சியே தெரியக்கூடாது” என்று அழுத்தித் தடவுவேன். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். ஒரு தடவை உனக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. மாதக்கணக்கில் சிரிக்காத பிள்ளை சிரிக்கிறதே என்று நானும் அதையே தினமும் சொன்னேன்.

போன வியாழக்கிழமை கோடு போட உட்கார்ந்தேன். முதல் தகட்டில், அந்த உருவத்தின் தலையிலிருந்து கால்வரை ஒரே இழுப்பு. சாட்சித் தாளை எடுத்துக் கயிற்றில் மாட்டினேன். லொரெய்ன் வந்து பார்த்துவிட்டு, “ஏன் டெஸ்மண்ட், ஒன் மேலயே கோட்டக் கிழிச்சு வச்சிருக்க? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றாள். எனக்குப் புரியவில்லை. அவள் விரல் வைத்துக் காட்டினாள்: ஒரு பக்கம் இறங்கிய தோள், காதில் செருகிய பென்சில், கழற்றாத ரப்பர் பூட்ஸ். “ஒங்க புத்தகத்த விரிச்சு வச்ச கண்காட்சிக்கு வந்த அத்தன பேருக்கும் தெரியும், ஒனக்குத் தெரியாதா? நல்ல ஆளுய்யா நீ” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அச்சடிப்பவன் கண் மையைத்தான் பார்க்கும், படத்தைப் பார்க்காது. ஆனாலும் இப்படியா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து என் தட்டிலேயே வைத்திருக்கிறாய். நீ ஏன் அப்படிச் சிரித்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது. அவள் போன பிறகு நானும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த உருவம் உனக்குத் துணையா, பாரமா, பிரயனி? அந்த நாட்களில் உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உனக்குக் காவல் இருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். நீ மூச்சுவிட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தேனோ என்று இப்போது பயமாக இருக்கிறது. மறுநாள் கடைத்தெருவில் லொரெய்னைப் பார்த்துக் கேட்டேன். “ரெண்டுந்தான். அப்பன்னா அப்டித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு ரொட்டி வாங்கப் போய்விட்டாள்.

உன் சொல்படி மற்ற தகடுகளுக்கும் கோடு போட்டுவிட்டேன். என் மேல் நானே கோடு போடுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. கடைசித் தகட்டில்தான் கை ஓடவில்லை. அதில் ஜன்னல் திறந்திருக்கிறது, நீ எழுந்து நிற்கிறாய், கட்டில் ஓரத்தில் யாரும் இல்லை. அதை அச்சடித்த அன்று, சனியன் தொலைந்தது என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினேன். அடுத்த மாதமே நீ பிரூமுக்குக் கிளம்பினாய். ஏன் இவ்வளவு தூரம் போகிறாய் என்று விமான நிலையத்தில்கூடக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ பதிலை ஏற்கனவே வரைந்து என் கையில் கொடுத்திருந்தாய்.

அந்த ஒரு தகட்டை மட்டும் விட்டுவிடு, கண்ணு. அதில் மை பூச மாட்டேன், அச்சடிக்க மாட்டேன், சத்தியம். நான் இல்லாமல் நீ நன்றாக நிற்கும் படத்தின் குறுக்கே என் கையால் கோடு இழுக்கச் சொல்லாதே.

ஊருக்கு எப்போது வருகிறாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பேன். இந்தத் தடவை கேட்கவில்லை. இருக்கும் இடத்தில் சுகமாக இரு.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா டெஸ்மண்ட்