ராவிலே ஒன்று, ராத்திரி ஒன்று

சனிக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு மாரீஸ்வரி எழுதுவது.

நானும் அஜயும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன். நீங்கள் போடியில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? ஜீப்புக்கு இன்ஜின் வேலை பார்க்கப் போன மனுஷன் பட்டறையிலேயே குடியிருக்கும்படி ஆகிவிட்டதே என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. எல்லைச் செக்போஸ்ட்டை எப்போதுதான் திறப்பார்களாம்?

போன வாரம் விழுந்த இடியில் இங்கே டவர் போய்விட்டது. சரிபார்க்க ஆள் வரக் காணோம். எஸ்டேட் முழுக்க ஒரு போனும் பேசவில்லை. அதனால்தான் கடிதம். வட்டவடைக் காரட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும் ஏசுதாஸ் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன்.

நீங்கள் மாசாமாசம் அஜயைக் கூட்டிக்கொண்டு போவீர்களே, ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தைகள் ஓ.பி.யை மூடிவிட்டார்கள். அங்கே இப்போது கொரோனாக்காரர்களுக்குக் கட்டில் போட்டிருக்கிறார்களாம். லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து ஊசி போடுகிற நர்சம்மாவும் வருவதில்லை. பக்கத்து வீட்டு வேலுத்தாய் அக்காவின் கைப்பிள்ளைக்கு அம்மை ஊசி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. பிள்ளைகளுக்கு வருகிற நோயெல்லாம் லாக்டவுன் என்று ஒதுங்கியா நிற்கும்?

அஜயின் வலிப்புக்கு மூன்று வேளையும் கொடுத்த சிரப் தீர்ந்துவிட்டது. அது வரத்து இல்லை என்று டாக்டர் மாத்திரைக்கு மாற்றிவிட்டார். ஃபயர் ஃபோர்ஸ்காரர்கள் ஜீப்பில் கொண்டுவந்து கேட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்ல மனுஷர்கள். ஆனால் கவர் மழையில் நனைந்து, மேலே எழுதியிருந்தது முழுக்கக் கலைந்துவிட்டது. டவர் போவதற்கு முந்தின நாள் வேலுத்தாய் அக்காவின் போனை வாங்கி ஆஸ்பத்திரி ஜிபி சிஸ்டருக்குப் பேசினேன். அக்கா போனை மதிலில் வைத்துவிட்டு நாலு எட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். இப்போது யாரும் யாரையும் அண்டுவதில்லை மாமா. நீங்கள் இருந்தால் ஆஸ்பத்திரிப் பேச்செல்லாம் நீங்களே பேசுவீர்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். பிள்ளையோடு இந்தக் கேரள மலைக்கு ஏறிவந்து இன்னும் இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, எனக்கு என்ன மலையாளம் தெரியும்? நல்லவேளை, சிஸ்டர் சொன்னது எனக்கே புரிந்தது. ராவிலே ஒண்ணு, ராத்ரி ஒண்ணு, மறக்கருது என்றார். மறக்கக் கூடாதாம்.

ராவும் ராத்திரியும் ஒன்றுதானே என்று முதலில் யோசித்தேன். பிறகு, விளக்கு வைத்ததும் ஒன்று, நடுச்சாமத்தில் ஒன்று என்று பிரித்துக்கொண்டேன். அலாரம் வைத்து எழுப்பித்தான் கொடுக்கிறேன். அவன் கண்ணைத் திறக்கமாட்டேன் என்று அழுவான். வாயைப் பிடித்து ஊட்டிவிட்டு நானும் சேர்ந்து அழுவேன். ஒரு ராத்திரிகூடத் தப்பவில்லை மாமா.

அப்படியும் வலிப்பு திரும்ப வந்துவிட்டது. எல்லாம் பகலில்தான். செவ்வாய்க்கிழமை சோறு ஊட்டும்போது. வியாழன் விளையாடிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். நேற்று வந்தது நீண்டுகொண்டே போனது, உதடு நீலம் பாரித்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் வேலுத்தாய் அக்கா ஓடிவந்து, வாசல்படி தாண்டப் பயந்து, கையில் வை என்று சாவிக்கொத்தை அங்கிருந்தே வீசினார். அது அடுப்படியில் போய் விழுந்தது.

எனக்குத் தோன்றுவது இதுதான். மாத்திரை பிள்ளைக்குப் பத்தவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை வரை பார்ப்பேன். அதற்குள் உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் அன்று ராத்திரியிலிருந்து ஒன்றைக் கூட்டி மூன்றாகக் கொடுக்கப்போகிறேன். வேறு யாரைக் கேட்பேன்? நான் தைரியசாலி என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறீர்கள். அதெல்லாம் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது.

முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள். அஜய் உங்கள் ஜீப் ஹாரனைப் போலக் கத்திக் காட்டுகிறான், எழுதச் சொன்னான். சுருளிமலையான் நம் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும்.

உங்கள்
மாரீஸ்வரி

---

போடி, செவ்வாய், மத்தியானம்

மாரி,

நலம் விசாரிக்க நேரமில்லை. மாத்திரையைக் கூட்டாதே. மூன்று கொடுக்காதே. இதைக் கவரின் மேலேயும் பெரிதாக எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பாய். இனி உட்கார்ந்து படி.

மலையாளத்தில் ராவிலே என்றால் காலையிலே. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றுதான் சிஸ்டர் சொல்லியிருக்கிறார். நீ இரண்டையும் ராத்திரியில் கொடுத்துவிட்டாய். பகலுக்கு அவன் உடம்பில் மருந்து போதவில்லை. அதனால்தான் பகலில் வருகிறது.

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. லாரியை இரண்டு நாள் செக்போஸ்ட்டில் நிறுத்திவைத்துவிட்டார்களாம், பாவிகள். படித்ததும் பட்டறை முதலாளியின் போனிலிருந்து ஜிபி சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இன்று ராத்திரி ஒரே ஒரு மாத்திரை. விளக்கு வைத்ததும் கொடுத்துவிட்டாய் என்றால் அதுதான் இன்றைய கணக்கு. நடுச்சாமத்தில் கொடுக்காதே. நாளையிலிருந்து காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஒரு வேளை விட்டுப்போனாலும் சேர்த்து இரண்டாகக் கொடுத்துவிடக் கூடாது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதையும் திணிக்காதே. சாவியும் வேண்டாம், வேலுத்தாய் அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல், அடுத்த தடவை யார் மண்டையாவது உடையும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீண்டால் பாண்டித்துரை அண்ணனை எழுப்பு. எஸ்டேட் ஆம்புலன்ஸ் சாவி அவரிடம்தான் இருக்கிறது. அவர் ஒன்றும் நினைக்கமாட்டார். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

சிஸ்டரும் ஃபயர் ஃபோர்ஸ்காரர்களிடம் சொல்லிவிடப் பார்க்கிறேன் என்றார். யார் முந்தினாலும் சரி. நானே நடந்து ஏறிவிடலாம் என்று கிளம்பினேன். அடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்டிலேயே போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றேன். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றார் ஏட்டு. அவர் மேல் கோபப்பட்டு என்ன பண்ண?

உன் மேல் ஒரு தப்பும் இல்லை. நம் பேச்சில் ராவிலே என்றால் ராவிலேதான். அலாரம் வைத்து நடுச்சாமத்தில் எழுந்து கொடுத்திருக்கிறாயே, உன்னை யார் குறை சொல்ல முடியும்? நானாக இருந்தால் குறட்டை விட்டிருப்பேன். அழாதே. அழுதால் அவனும் அழுவான்.

ஏசுதாஸ் அண்ணன் அரிசி ஏற்றிக்கொண்டு இப்போதே கிளம்புகிறார். லயத்துத் திருப்பத்திலிருந்தே ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். கதவைத் திறக்காவிட்டால் ஜன்னலில் நின்று சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார். சேர வேண்டும் மாரி. நான் கையெழுத்துக் கோணலாக எழுதியிருந்தால் அது அவசரம், வேறொன்றும் இல்லை.

நீ இதைப் படிக்கும்போது நடுச்சாமமாக இருந்தாலும் இருக்கும். அலாரத்தை அமர்த்திவிடு. மாத்திரையைத் திரும்பக் கவரில் போடு. ஹாரன் சத்தத்தில் நான்தான் வந்துவிட்டேன் என்று அவன் எழுந்துவிட்டால், அப்பா வருவார் என்று சொல்லித் தட்டிக்கொடு. விடிந்ததும் முதல் மாத்திரை.

இன்றைக்காவது அவன் தூங்கட்டும். நீயும் தூங்கு.

உன்
வேல்முருகன்