பட்டியலில் சேர ஒரு பொய்

சாரி-தாலா, நாரின்
அக்டோபர் 12, 2008

எர்மெக்கின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். பசுவும் நலம், உங்களைவிட அதுதான் என்னோடு அதிகம் பேசுகிறது. மாஸ்கோ பஸ் ஓட்டும் நாசிர் சனிக்கிழமை கிளம்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தபால் ஆபீஸ் போனில் பேசினால் நம் வீட்டுக் கதை ஊர் முழுக்கப் பரவிவிடுகிறது.

மாவு விலை ஏறிப்போனது உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். விலைவாசியைத் தாங்க முடியாத வீடுகளுக்கு, பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் மாதாமாதம் உதவிப்பணம் தருகிறது. நானும் எழுதிக் கொடுத்தேன். போன வாரம் கமிட்டி வீட்டுக்கு வந்தது. ஊர் அலுவலகத்து ஜுமாகுல் அக்கா, பள்ளிக்கூட வாத்தியார், உங்கள் அண்ணன். மாவு டின்னைத் திறந்து பார்த்தார்கள், அடி தெரிந்தது. சேர்த்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். வாத்தியார் கேட்டார்: "புருஷன் மாஸ்கோவுல இருந்து அனுப்புறானே, நீ எப்படிம்மா ஏழை?"

அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தது நான்தானே. உங்கள் தங்கை மகனின் தொட்டில் விழாவுக்குக் கடையில் கடன் சொல்லி சாக்லேட் வாங்கிப் போய், "அவரு அனுப்பினது" என்று சாப்பாட்டு விரிப்பு முழுக்கப் பரப்பினேன். உங்களை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று. வசந்தத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்பது எனக்கும் இந்தப் பசுவுக்கும் மட்டுமே தெரியும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். 'நான் பணம் அனுப்புவதில்லை' என்று உங்கள் கைப்பட ஒரு வரி எழுதி அனுப்புங்கள். சின்னவள் பெகாயிமுக்கு இருமல் நிற்கவில்லை. எர்மெக்கின் பூட்ஸ் வாயைப் பிளந்துவிட்டது.

உங்கள் முகம் பார்க்கக் காத்திருக்கும்
ஷாயிர்குல்


மாஸ்கோ
நவம்பர் 3

ஷாயிர்குல்,

கடிதம் கிடைத்தது. நீ காயவைத்து அனுப்பிய தயிர் உருண்டைகளை உடன் வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொன்றாகப் பிடுங்கிக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது வாசனைதான்.

இங்கே நிலைமை சரியில்லை. மேஸ்திரி எங்கள் கூலியோடு கம்பி நீட்டிவிட்டான். இருந்தால் அனுப்பமாட்டேனா?

ஆனால் நீ கேட்டதை மட்டும் என்னால் செய்ய முடியாது. கமிட்டியில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். 'பிள்ளைகளுக்கு ரொட்டி போட வக்கில்லாதவன்' என்று நானே எழுதி, அதை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வதா? அதற்குப் பதில் நான் செத்துப்போய்விட்டேன் என்று சொல்லிவிடு. பசுவை விற்றுச் சமாளி.

மெலிஸ்


சாரி-தாலா
நவம்பர் 20

எர்மெக்கின் அப்பாவுக்கு,

பசுவை விற்கச் சொல்கிறீர்கள். விற்றுவிட்டு பெகாயிமுக்கு எதைக் குடிக்கக் கொடுப்பது, உங்கள் ரோஷத்தையா? வறட்டி தீர்ந்துகொண்டிருக்கிறது. ரோஷத்தை அடுப்பில் வைத்தால் எரியும் என்றால் சொல்லுங்கள், வைத்துப் பார்க்கிறேன். இப்படி எழுதுவதற்கு மன்னியுங்கள். காலையிலிருந்து தேநீர் மட்டும்தான் வயிற்றில்.

ஜுமாகுல் அக்காவிடம் அழுதேன். அவர் கதவைச் சாத்திவிட்டு ஒரு வழி சொன்னார். "பணம் அனுப்பலைன்னு எழுதினா, இன்னைக்கு அனுப்பல, நாளைக்கு அனுப்புவான்னுதான் சொல்லுவாங்க. கட்டினவன் கைவிட்டுட்டுப் போயிட்டான்னா அது வேற. அந்த மாதிரி பொம்பளைங்க பேரு பட்டியல்ல மொதல்ல ஏறும். உன் புருஷன் அப்படி ஒரு கடுதாசி போடட்டுமே, யாரு மாஸ்கோவுக்குப் போயி பாக்கப்போறா?"

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் பொய்தானே? உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மேலே இருக்கிறவனுக்குத் தெரியும். இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துவதாக எழுதிவிடுங்கள். ஊர் திட்டும், திட்டட்டும். வக்கில்லாதவன் என்று சொல்லாதல்லவா? நீங்கள் திரும்பி வந்ததும் எல்லோரையும் கூப்பிட்டு ஆடு அறுத்து, உண்மையைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். புத்தாண்டுக்கு முன் பட்டியலை மூடிவிடுவார்கள்.

உங்கள்
ஷாயிர்குல்


மாஸ்கோ
டிசம்பர் 9

ஷாயிர்குல்,

நீ கேட்டபடியே கமிட்டிக்கு எழுதித் தனி உறையில் ஒட்டியிருக்கிறேன். பிரிக்காமல் ஜுமாகுல் அக்காவிடம் கொடு. அதை வாசிக்கும்போது நீ அங்கே நிற்காதே.

கூடவே எர்மெக்குக்கு பூட்ஸ் வைத்து அனுப்பியிருக்கிறேன். அவன் கால் இப்போது எவ்வளவு இருக்கும் என்று தெரியவில்லை. பிள்ளைகளை முத்தமிட்டதாகச் சொல்.

மெலிஸ்


சாரி-தாலா
டிசம்பர் 27

எர்மெக்கின் அப்பாவுக்கு,

நிற்காதே என்றால் நான் நிற்காமல் இருப்பேனா? ஊர் அலுவலகத்து அடுப்போரமாக நின்றேன். ஜுமாகுல் அக்கா கூட்டத்தில் உரக்க வாசித்தார். ஸோயா என்று ஒரு சமையல்காரி, அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறீர்களாம், இனி ஊருக்கு வரப்போவதில்லையாம். உங்கள் அண்ணன் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டு, "எனக்குத் தம்பியே கெடையாது" என்று வெளியே போய்விட்டார். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் முக்காட்டுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். இந்த மனுஷனுக்குப் பொய் இவ்வளவு ஜோராக வருமா என்று.

அப்புறம் கடிதத்தில் ஒரு பிள்ளை வந்தது. கோடையில் பிறந்த ஆண் பிள்ளை. அதன் பெயரையும் அக்கா வாசித்தார். அதை நான் இங்கே எழுத முடியாது, அது உங்கள் அப்பாவின் பெயர்.

எர்மெக் பிறந்தபோது அந்தப் பெயரைத்தான் வைக்க ஆசைப்பட்டீர்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாதே, என் பிள்ளையை நான் எப்படிக் கூப்பிடுவேன் என்று அழுதேன். விட்டுக்கொடுத்தீர்கள். அங்கே இருக்கிறவளுக்கு அப்படி ஒரு கட்டு இல்லை. அவள் வாய் நிறையக் கூப்பிடலாம்.

பொய்க்கு ஒரு பெண் போதாதா? சரி, பிள்ளையும் இருக்கட்டும். அதற்குப் பெயர் எதற்கு? கமிட்டியில் யாரும் கேட்கவில்லையே.

என் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு அது வேண்டாம். 'எல்லாம் பொய்' என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள், நானே போய் என் பெயரை அடித்துவிட்டு வருகிறேன். பிள்ளைகளோடு பட்டினி கிடப்பேன், சந்தோஷமாகக் கிடப்பேன். நாசிரிடம் உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பூட்ஸ் எர்மெக்கின் காலுக்குப் பொருந்தவில்லை.

உங்கள்
ஷாயிர்குல்


சாரி-தாலா
நவம்பர் 14, 2009

மெலிஸ்,

ஆமாம், பெயர் சொல்லித்தான் எழுதியிருக்கிறேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

நாசிர் அப்போதே வந்து சொன்னார். "கையிலதாம்மா குடுத்தேன். படிச்சாரு. பதில் ஏதாச்சும் உண்டான்னு கேட்டேன். வண்டிய எடுன்னுட்டாரு." அதற்குப் பிறகும் மாஸ்கோ பஸ் வருகிற நாளிலெல்லாம் தலைவாரிக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது போவதில்லை.

உதவிப்பணம் முதல்முறை வந்த அன்று மாவு வாங்கினேன். பிசைந்து சுட்டுப் போட்டேன். பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. உங்களைக் கொடுத்து வாங்கிய ரொட்டி அல்லவா. அப்புறம் இறங்கிவிட்டது, பசி யாரை விட்டது. பெகாயிம் தேறிவிட்டாள். எர்மெக் உங்களைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டால் எனக்கு வலிக்கும் என்று நினைக்கிறான் போலிருக்கிறது.

வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி விசாரித்துத்தான் பட்டியலைப் புதுப்பிப்பார்கள். நேற்று என்னைக் கூப்பிட்டார்கள். அறையில் ஜுமாகுல் அக்கா மட்டும்தான் இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "புருஷன் திரும்பி வந்துட்டா பணம் நின்னுடும், தெரியும்ல? போன வருஷம் சொன்னதெல்லாம் இப்பவும் அப்படியேதானே?" என்று கண்ணைச் சிமிட்டினார். அவர் இன்னும் அதை நாம் இருவரும் சேர்ந்து ஆடிய நாடகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நானும் சிரித்தேன். "அப்படியேதான் அக்கா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

"கெட்டிக்காரிடி நீ" என்றார்.

ஷாயிர்குல்